ஆவாரம்பட்டையும் வெளுப்புக் களிம்பும்: தோல், நிறம், உழைப்பு

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசரை நாம் இதழாசிரியராக, பூர்வ பௌத்தத்தை மீட்டவராக, சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்தைத் தந்தவராகப் பேசிப் பழகியிருக்கிறோம். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதையும், 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழைக் கொண்டுவந்ததையும் நம் மேடைகளில் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். காத்தவராயன் என்ற தன் பெயரை விட்டுத் தன் ஆசிரியரின் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்த மனிதரின் அன்றாடப் பிழைப்பு மூலிகையோடும் நோயாளியோடும்தான் இருந்தது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனவே இந்த ஆண்டு பண்டிதரின் மருந்துப் பெட்டியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று விந்தையாகத் தோன்றலாம். தோலையும் மயிரையும் வெளுக்கச் செய்யும் தாவரப் பொருள்களின் வரலாறு அது. வட சென்னையில் ஒரு தெருவுக்கு நான்கு கடைகளில் தொங்கும் களிம்புப் பாக்கெட்டின் வரலாறு என்றும் சொல்லலாம். அழகுக் குறிப்பு பேச நாம் கூடவில்லை. தோல் என்ற சொல்லுக்கு நம் மக்களிடையே இரண்டு பொருள் உண்டு. ஒன்று நம் உடம்பின் மேல் இருப்பது. மற்றொன்று நம் முன்னோர் குழியில் இறங்கிப் பதனிட்டது. இந்த இரண்டு தோலும் ஒரே வரலாற்றில் சந்திக்கின்றன என்பதே இன்றைய பேச்சு.

1. கறுப்பர் நகரம்

சென்னையின் வரைபடத்தில் நிறம் ஆரம்பத்திலேயே எழுதப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஆங்கிலேயர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகரம். கோட்டைக்கு வடக்கே உள்ளூர் மக்கள் வாழ்ந்த பகுதி கறுப்பர் நகரம். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கத்தில் இருந்த அந்த முதல் கறுப்பர் நகரம், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரை ஒட்டி இடிக்கப்பட்டது. மக்கள் மேலும் வடக்கே தள்ளப்பட்டார்கள். புதிய கறுப்பர் நகரத்துக்கு மதில் எழுப்பினார்கள். அந்த மதிலுக்கான வரியின் நினைவு வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. மதிலுக்கு அப்பால் வடக்கே ராயபுரம், அதற்கும் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலேயருக்குப் பெரும் வணிகரும் கறுப்பர்தான், துபாஷியும் கறுப்பர்தான், மூட்டை தூக்கியவரும் கறுப்பர்தான். ஆனால் கறுப்பர் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டவர்களுக்குள் சாதி கலைந்துவிடவில்லை. ஆங்கிலேயர் வரைந்த அதே பழைய வரைபடங்களில் பறச்சேரி தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளையன் நிறத்தால் கோடு போட்டான். அந்தக் கோட்டுக்குள் ஏற்கெனவே இன்னொரு கோடு இருந்தது. நிறமும் சாதியும் ஒன்றல்ல, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும் என்பதற்கு நம் ஊரே முதல் சான்று.

பின்பு தொழில்கள் வந்தன. 1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது. அதே நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய முயற்சிதான் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அப்புறம் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம். ரப்பர், கரி, எண்ணெய், சாம்பல், உப்பு, மீன். இவற்றில் உழைத்தவர்களின் உடம்பு வெயிலிலும் தூசியிலும்தான் இருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளக் கூடாது என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்து வீடுகளின் சுவரிலும் குழந்தைகளின் நெஞ்சிலும் படிந்த கரித்தூசிக்கு ஒரு முடிவு வந்தது. ஆனால் கரி எங்கே போனது? 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. கரி நகரத்தின் மையத்திலிருந்து வெளியேறும்போதும் நம் பகுதியை விட்டு வெளியேறவில்லை.

2. சாதிக்கு நிறம் உண்டா?

கறுப்பாக இருப்பவர் தாழ்ந்தவர், வெளுப்பாக இருப்பவர் உயர்ந்தவர் என்ற நம்பிக்கைக்கு 19ஆம் நூற்றாண்டில் அறிவியல் சாயம் பூசப்பட்டது. ரிஸ்லி என்ற அதிகாரி மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதிகளை வரிசைப்படுத்த முயன்றார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழும்பூரில் ஆட்களை நிறுத்தி அளவெடுத்தார். 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றும் சாதிச் சங்கங்கள் தங்கள் பெருமைக்கு எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கின்றன.

அண்ணல் அம்பேத்கர் இதை இரண்டு முறை உடைத்தார். 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில், சென்னை மாகாணத்துப் பிராமணரும் அதே மாகாணத்துப் பறையரும் ஒரே இன வழியினர், பஞ்சாபின் பிராமணரும் அதே பஞ்சாபின் சமாரும் ஒரே இன வழியினர் என்று வாதிட்டார். 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில், இனவாதிகள் எடுத்த அதே மூக்களவுக் கணக்குகளை எடுத்து அவர்கள் முடிவையே தலைகீழாக்கினார். தீண்டாமைக்கு இனமோ நிறமோ அடிப்படை இல்லை என்பது அவர் முடிவு.

பண்டிதர் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தவர். பிராமணன் என்பது பிறப்பல்ல, வேடம் என்று அவர் எழுதினார். வேடம் என்று சொன்ன பிறகு தோல் நிறத்துக்கு அங்கே வேலை இல்லை.

அப்படியானால் நம் பிள்ளையைப் பார்த்து ‘கறுப்பு’ என்று சொல்லும்போது ஏன் அது சாதிச் சொல்லாக வந்து விழுகிறது? சமூகவியல் படித்த நமக்கு இதற்குப் பதில் உழைப்பில் கிடைக்கிறது. யார் வெயிலில் நிற்க வேண்டும், யார் நிழலில் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. வெயில் தன் வேலையைத் தோலில் செய்தது. காரணத்தை மறைத்துவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்காட்டி, ‘பார், இவன் தாழ்ந்தவன்’ என்றார்கள். கறுத்த பிராமணருக்கும் சிவந்த பறையருக்கும் பழமொழி செய்து வைத்திருக்கும் சமூகம் இது. விதிவிலக்கைக் கேலி செய்துதான் விதியைக் காப்பாற்றுகிறார்கள்.

3. ஆவாரை

இப்போது தாவரத்துக்கு வருவோம். ஆவாரஞ்செடியைத் தெரியாத தமிழர் இல்லை. தரிசில், புறம்போக்கில், ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதன் பூவை நிழலில் காயவைத்து, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, பாசிப்பயறு, வெட்டிவேர், கார்போகரிசி சேர்த்து அரைத்தால் நலங்கு மாவு. ஆவாரம்பூ உடம்புக்குப் பொன்னிறம் தரும் என்பது சித்த மருத்துவ மரபு.

அதே செடியின் பட்டை நம் முன்னோரை வேறு இடத்துக்கு அழைத்துச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று பதனிட்ட தோல். பல்லாவரம், மாதவரம், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி எனப் பரவியிருந்த தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைதான் முதன்மைச் சரக்கு. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிரையும் சதையையும் வழித்து, பட்டைக் குழியில் மாற்றி மாற்றி ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பார்கள். பெரியமேட்டு மண்டிகளில் தரம் பிரித்து, துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்கு அனுப்புவார்கள். அங்கே அதற்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுக்கு மேல்தோலாக அது போனது.

கடைசியில் கடுக்காய் எதற்கு? ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் மெல்லச் சிவந்துவிடும். சிவந்த தோலுக்கு விலை குறைவு. வெளிறிய இளமஞ்சள் நிறம் நிற்கவேண்டும் என்றால் கடுக்காய் வேண்டும். செத்த மாட்டின் தோலாக இருந்தாலும் வெளுப்புக்குத்தான் சந்தையில் மதிப்பு. அந்த வெளுப்பை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் பறையரும் அருந்ததியரும். குழியில் இறங்கி நின்றவர்களின் கால்களைச் சுண்ணாம்பு தின்றது. கையில் ஏறிய பட்டைக் கறை போகவே போகாது. அந்தக் கறையையும் நாற்றத்தையும் காரணமாகக் காட்டி, அவர்களைத் தெருவுக்குள் விடவில்லை. பூ நலங்குக்குப் போனது. பட்டை குழிக்குப் போனது. ஒரே செடி. பூவைத் தொட்டவருக்கு மங்கலம், பட்டையைத் தொட்டவருக்குத் தீட்டு.

இந்தக் கதைக்குக் கடலுக்கு அப்பால் ஒரு கிளை இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. அதன் பின் போன கப்பல்களிலும் நம் மக்கள் போனார்கள். அதே நேட்டாலிலிருந்து 20ஆம் நூற்றாண்டில் வாட்டில் மரப்பட்டை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிடித்தது. 1946இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களைக் கண்டித்து இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியபோது, பட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, நம் மலைகளில் வாட்டில் தோட்டங்களைப் பெருக்கினார்கள். அந்த வாட்டில் இன்று நீலகிரியின் புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் வருவோம்.

4. காயத்திலிருந்து களிம்பு

நம் தோலின் மேலடுக்குக்கு அடியில் மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஐரோப்பியருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு, அந்தச் செல்கள் எவ்வளவு நிறமி செய்கின்றன, அதை எப்படிப் பொட்டலம் கட்டிச் சுற்றியுள்ள செல்களுக்கு அனுப்புகின்றன என்பதில் மட்டுமே. மயிரின் வேரிலும் இதே வகைச் செல்கள்தான் மயிருக்குக் கறுப்பு தருகின்றன. டைரோசின் என்ற பொருளை டைரோசினேஸ் என்ற நொதி மாற்றித்தான் மெலனின் பிறக்கிறது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகிறதே, அங்கே வேலை செய்வதும் இதற்கு உறவான ஒரு நொதிதான். கறுக்காமல் இருக்க நாம் தண்ணீரில் போடுகிறோம். வெளுப்புக் களிம்பு செய்பவர்கள் நம் தோலில் அந்த நொதியை முடக்கப் பார்க்கிறார்கள்.

முடக்கும் பொருள்களில் மிகப் பேர்பெற்றது ஹைட்ரோகுயினோன். புகைப்படம் கழுவும் மருந்திலும் ரப்பர், பிளாஸ்டிக் தொழிலிலும் பயன்படும் ரசாயனம் அது. 1936இல் ஜெர்மனியில் கறுப்புப் பூனைகளுக்கு அதை உணவோடு கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் மயிர் நரைத்தது. மனிதத் தோலில் இந்தக் குடும்பத்துப் பொருள்கள் என்ன செய்யும் என்பது ஒரு தோல் பதனிடும் ஆலையில் தெரிய வந்தது.

அமெரிக்காவில் ஒரு தோல் ஆலையில் தொழிலாளர்களின் கைகளிலும் முன்கைகளிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. அவர்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறை கெடாமல் இருக்கக் கலந்திருந்த ஹைட்ரோகுயினோன் வகைப் பொருளான மோனோபென்சோன்தான் காரணம் என்று 1939இல் மருத்துவ அறிக்கை வெளியானது. கையுறை பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்டது. அதுவே அவர்களுடைய நிறத்தைத் தின்றது.

இங்கே நிகழ்ந்ததை நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு தொழிலாளியின் உடம்பில் ஏற்பட்ட காயம் அறிக்கையானது. அறிக்கையைப் படித்தவர்களுக்கு அது காயமாக மட்டும் தெரியவில்லை, சரக்காகவும் தெரிந்தது. தோலை வெளுக்க வைக்கும் வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்தப் பொருளும் அதன் உறவுகளும் களிம்புக் குப்பிகளுக்குள் போயின. கறுப்பினத் தொழிலாளி ஆலையில் இழந்ததைக் கறுப்பினப் பெண்களுக்குக் கடையில் விற்றார்கள்.

மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா. தோலின் நிறம் எந்தப் பேருந்தில் ஏறலாம், எந்தத் தெருவில் வீடு கட்டலாம் என்பதைத் தீர்மானித்த நாட்டில் வெளுப்புக் களிம்பு விற்காமல் என்ன செய்யும்? முதலில் பாதரசம் கலந்த களிம்புகள், பிறகு ஹைட்ரோகுயினோன். 1975இல் அங்குள்ள தோல் மருத்துவர்கள், ஹைட்ரோகுயினோன் களிம்பு பூசிய கறுப்பினப் பெண்களின் கன்னங்களில் நீலங்கலந்த கருமையும் முரட்டுத் தடிப்பும் வருவதைப் பதிவு செய்தார்கள். ஆக்ரோனோசிஸ் என்று அதற்குப் பெயர். வெளுக்கப் பூசியது கறுக்கச் செய்தது, அதுவும் எளிதில் நீங்காத கறுப்பு. மருத்துவர்களும் நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தவரும் சேர்ந்து போராடினார்கள். 1990இல் அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுயினோனைத் தென்னாப்பிரிக்கா தடை செய்தது. வெளுக்கச் செய்யும் என்று விளம்பரப்படுத்துவதையே தடுத்தது. 2001இல் ஐரோப்பாவிலும் அழகுப் பொருள்களில் அது தடையானது. நிறவெறிச் சட்டங்கள் முழுமையாக ஒழியும் முன்பே ஒரு களிம்பு தடை செய்யப்பட்டது என்றால், அதை மக்கள் ஓர் அரசியல் பிரச்சினையாகப் புரிந்துகொண்டதே காரணம்.

5. மூலிகை என்ற சொல்

‘அது ரசாயனம், இது மூலிகை’ என்று கடைக்காரர் சொல்லுவார். ஹைட்ரோகுயினோனுக்குக் கெட்ட பெயர் வந்ததும் சந்தை செடிகளை நோக்கித் திரும்பியது. குளிர்நாட்டுப் புதரான கரடிப்பழச் செடியின் இலையில் ஆர்புடின் என்ற பொருள் இருக்கிறது. ஹைட்ரோகுயினோனோடு ஒரு சர்க்கரைத் துண்டு ஒட்டியிருந்தால் அதுதான் ஆர்புடின். நம் நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கு வாங்கும் அதிமதுரத்தின் வேரில் கிளாப்ரிடின் இருக்கிறது. அதுவும் அந்த நொதியைத் தடுக்கும். ஜப்பானில் அரிசியைப் புளிக்கவைக்கும் பூஞ்சையிலிருந்து கோஜிக் அமிலம் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் காளானிலிருந்து எடுத்த நொதியை வைத்துச் சோதிக்கிறார்கள். குப்பியில் நொதி முடங்கினால் ‘இந்த மூலிகை வெளுக்கும்’ என்று கட்டுரை வருகிறது. கட்டுரை வந்தால் விளம்பரம் வருகிறது. குப்பியில் நடப்பதெல்லாம் உயிருள்ள தோலில் அதேபோல நடந்துவிடாது. நடந்தாலும் எந்த அளவில், எத்தனை நாள், எந்த விளைவோடு என்ற கேள்வி இருக்கிறது.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த மிகக் கசப்பான பதில் ஜப்பானில் இருக்கிறது. ஜப்பானின் ஒருவகை மேப்பிள் மரப்பட்டையிலும் ரோடோடென்ட்ரான் செடிகளிலும் ரோடோடென்ட்ரால் என்ற பொருள் உண்டு. கானெபோ என்ற பெரிய நிறுவனம் அதைக் கொண்டு வெளுப்புப் பொருள்கள் செய்து, 2008இல் அரசின் ஒப்புதலும் பெற்று விற்றது. முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றியதாகப் புகார்கள் வந்து, 2013 ஜூலையில் அத்தனை பொருள்களையும் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். நொதியைத் தடுக்க வேண்டிய பொருளை அந்த நொதியே நஞ்சாக மாற்றி, நிறமி செய்யும் செல்லையே கொன்றுவிட்டது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1939இல் தோல் ஆலைத் தொழிலாளியின் கையில் நடந்தது, எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு மரப்பட்டையின் பெயரால், மீண்டும் நடந்தது.

நம் நலங்கு மாவுக்குள்ளும் இப்படி ஒரு முரண் இருக்கிறது. கார்போகரிசியில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. வெயில் பட்டால் அது தோலைக் கறுக்கச் செய்யும். அளவு மீறினால் கொப்புளமும் போடும். அதனால்தான் வெண்புள்ளிக்கு நிறம் வரவழைக்க அதைப் பழைய வைத்தியர்கள் பயன்படுத்தினார்கள். நவீன மருத்துவமும் அந்த வழியை எடுத்துக்கொண்டது. நிறத்தைக் கூட்டும் விதையை நிறத்தைக் குறைக்கும் மாவில் போட்டு அரைக்கிறோம். கரிசலாங்கண்ணித் தைலத்தால் மயிர் கறுக்க வேண்டும், மஞ்சளால் முகம் வெளுக்க வேண்டும் என்று ஒரே உடம்பிடம் இரண்டு கட்டளை போடுகிறோம். கறுப்பு இளமை என்றால் தலையில் மட்டும் ஏன்?

வெண்புள்ளி வந்தவர்களை ‘வெண்குஷ்டம்’ என்று சொல்லி ஒதுக்கும் கொடுமையும் இங்கே இருக்கிறது. அது தொழுநோயும் இல்லை, தொற்றும் இல்லை. விலை கொடுத்து வெளுப்பை வாங்கும் ஊர், தானாக வெளுத்தவரைத் தீண்டத்தகாதவராக்குகிறது. அப்படியானால் இந்த ஊர் தேடுவது வெண்மையை அல்ல, மேல்சாதியின் அடையாளத்தை.

6. நம் தெருக்கடை

1975இல் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்டு லவ்லி’ களிம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சின்னப் பாக்கெட்டில் அடைத்து, கூலி வாங்கும் பெண்ணின் கைக்கு எட்டும் விலையில் கொடுத்ததுதான் அதன் வெற்றி. கறுப்பாக இருந்ததால் வேலை கிடைக்காத பெண், பூசியபின் வேலை பெற்று அப்பாவைக் காப்பாற்றுகிறாள் என்ற வகையில் அதன் விளம்பரங்கள் ஓடின. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்துப் போராடியது. 2003இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டு விளம்பரங்களை நிறுத்தச் செய்தது. 2009இல் நம் சென்னையிலிருந்தே ‘கறுப்பு அழகு’ என்று சொல்லும் ஒரு பரப்புரை எழுந்தது. 2014இல் விளம்பரத் தரக் குழு, கறுத்த தோலைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி செய்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு உலகெங்கும் போராட்டம் மூண்டபோது, அந்தக் களிம்பு ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கி ‘குளோ’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது. ஆனால் பெண் பார்க்க வருபவர்களின் கண் மாறவில்லை.

இந்த வெளிப்படையான களிம்பைவிட ஆபத்தானவை மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைப்பவை. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்புகள் அவை. மருத்துவர் பார்த்து, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் தர வேண்டியவற்றை நம் பெண்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு வந்து, வெயிலில் எரியும். நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கும். எனவே நிறுத்த முடியாது. தோல் மருத்துவர்களின் தொடர் வலியுறுத்தலுக்குப் பின் 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. விதி டெல்லியில் இருக்கிறது; களிம்பு தண்டையார்பேட்டையில் விற்கிறது.

மூன்றாவது வகை பாதரசம். அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பது நம் நாட்டில் தடை. ஆனாலும் முகவரி இல்லாத டப்பாக்களில் அது வருகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தபோது, 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட அடையாளம் தெரிந்தது. அவர்களில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நிற்கிறது.

இதை நம் பகுதியோடு பொருத்திப் பாருங்கள். காசிமேட்டில் கூடை சுமக்கும் பெண், விடியலில் தெரு கூட்டும் அருந்ததியப் பெண், கன்டெய்னர் கிடங்கில் வெயிலில் நின்று கணக்கெடுக்கும் பெண். இவர்களுக்கு மெலனின் என்பது உடம்பே தைத்துக் கொடுத்த குடை. புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறுத்துவது அதுதான். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் குடையை மடக்கினால் இழப்பு சிறிது. வெயிலில் நிற்பவர் மடக்கினால் இழப்பு முழுவதும் அவருக்கே. உழைப்பாளியிடம் முதலில் நிழலைப் பறித்தார்கள். இப்போது தோலிலிருக்கும் நிழலையும் காசு வாங்கிக்கொண்டு பறிக்கிறார்கள்.

அதற்காக அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. வரவேற்பு மேசை வேலைக்கும் நகைக்கடை வேலைக்கும் நிறம் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நிறம் குறைந்தால் வரதட்சணை கூடும் என்பதும் தெரியும். திருவொற்றியூர், எண்ணூர் என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை அவள் பார்த்திருக்கிறாள். முகவரியை மாற்ற முடியாது, சாதியை மாற்ற முடியாது, பத்து ரூபாயில் மாற்ற முடியும் என்று சொல்லப்படுவது நிறம் ஒன்றுதான். அவள் வாங்குவது அழகை அல்ல. அவமானத்திலிருந்து கொஞ்சம் விடுப்பு.

7. என்ன செய்யலாம்

பண்டிதர் போன்றவர்கள் மூலிகையை அறிந்தது நோயைப் போக்க. கறுப்பு நோயல்ல என்பதே முதல் மருத்துவ அறிவு. இதிலிருந்து நம் அமைப்பு எடுக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதலாவது, களிம்பின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது. ஹைட்ரோகுயினோன், பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், மெர்க்குரி என்ற பெயர்களைத் தமிழில் பெரிதாக அச்சிட்டு, நம் இரவுப் பள்ளிகளிலும் மகளிர் குழுக்களிலும் ஒட்ட வேண்டும். தயாரித்தவர் முகவரி இல்லாத டப்பாவைத் தொடாதே என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தாமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போக வழிகாட்ட வேண்டும்.

இரண்டாவது, இதைத் தொழிலாளர் பிரச்சினையாக எடுப்பது. தூய்மைப் பணியாளருக்குக் கொடுக்கும் கையுறையும், ரசாயனத்தில் வேலை செய்பவருக்குக் கொடுக்கும் களிம்பும் எதனால் செய்யப்பட்டவை என்று கேட்கும் உரிமை தொழிற்சங்கத்துக்கு வேண்டும். 1939இன் பாடம் அதுதான். கைகளில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதைத் தலையெழுத்து என்று விடாமல் தொழில்நோயாகப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவருக்கு நிழற்கூடமும் தண்ணீரும் கேட்பதும் இதே போராட்டத்தின் பகுதி.

மூன்றாவது, நம் வீட்டிலும் நம் எழுத்திலும் செய்ய வேண்டியது. கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூ வாங்கித் தரும் தலித் குடும்பங்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறம் கணிக்கும் பாட்டிகள் நம் தெருவில் இருக்கிறார்கள். அம்பேத்கர் படத்தை மாட்டிய சுவருக்குக் கீழேதான் ‘மாநிறம், இன்னும் கொஞ்சம் கலர் வேணும்’ என்று பெண் பார்க்கும் பேச்சு நடக்கிறது. சாதியை எதிர்க்கும் நாம் சாதி வளர்த்த கண்ணை வைத்துக்கொண்டே நம் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அந்தக் கண்ணைப் பற்றி நம் கதைகளும் கவிதைகளும் பேச வேண்டும்.

நான்காவது, ஆவாரம்பட்டையின் வரலாற்றை எழுதுவது. பெரியமேட்டிலும் மாதவரத்திலும் பல்லாவரத்திலும் குழிகளில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பட்டைக்கு எத்தனை நாள், கடுக்காய் எந்தப் பதத்தில், தோலைத் தொட்டதும் தேர்ச்சி தெரிவது எப்படி என்ற அறிவு முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. தாவர வேதியியலை இந்த நாட்டில் கையால் அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வைப்பது பண்டிதரின் பெயரைச் சொல்லிக் கூடும் ஓர் அமைப்பின் கடமை. அடுத்த நினைவுச் சொற்பொழிவுக்குள் அந்தப் பதிவுகளில் சிலவற்றையாவது இந்த மேடையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.